அடுகோடியில் ஒரு பத்தொன்பது ஸ்பேனர்

அத்திபெலே சோதனைச் சாவடியைத் தாண்டினால் எனக்கு வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள், அது ஒன்றுதான் குறை. சுவரொட்டியில் கதாநாயகன் மாறுவான், சாம்பாரில் வெல்லம் விழும், பேருந்தின் நெற்றியில் எண்கூட வேறு எழுத்தில் இருக்கும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். எழுத்து கைவிட்டாலும் எண் எந்த ஊரிலும் கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன். பெங்களூரில் அதையும் ஜாங்கிரி பிழிந்து வைத்திருந்தார்கள்.

அதனால் விவேக் நகர் போக வேண்டியவன் முதல் நாள் காலையில் ஏதோ ஓர் ஏரிக்கரையில் போய் இறங்கினேன். கண்டக்டரிடம் முறையிட்டேன். அவர் கன்னடத்தில் சொன்னதன் சாரம் இது: "ஏறும்போது கேட்டிருந்தால் ஏறாதே என்றிருப்பேன். ஏறிவிட்டாய். ஏரியைப் பார்." பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை, ஆகாயத்தாமரைதான் தெரிந்தது. வந்த பேருந்திலேயே திரும்பினேன். அவர் மறுபடியும் டிக்கெட் கிழித்தார்.

நான் போனது பைக் வாங்க. அதன் பின்னால் இருந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எல்லைக்கு இந்தப் பக்கம், தளி என்ற ஊரில் முனிரெட்டி என்பவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாரியில் கிளீனர், அதற்கு முன் திருவிழாக்களில் பலூன், அதற்கு முன் நினைவில்லை. ரெட்டி பட்டுப்புழு முட்டை விற்பவர். தாளில் கடுகு ஒட்டிவைத்த மாதிரி முட்டைகள் இருக்கும். அவற்றுக்கு வெயில் ஆகாது. மலைமேல் மேல்கொட்டாய் என்ற ஊரில் மல்பெரி வைத்திருந்தவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். நாகராஜ் என்ற ஜீப்காரன் பாதி மலைவரை கொண்டுபோவான். அங்கே ஓர் ஓடை குறுக்கிடும். அதற்குமேல் தலைச்சுமை. போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, பாதி முட்டை பொரியாது. ஊர்க்காரர்கள் ரெட்டியைத் திட்டுவார்கள், ரெட்டி நாகராஜைத் திட்டுவார், நாகராஜ் ஓடையைத் திட்டுவான்.

விஜயதசமி அன்று மேலே புதிதாகப் புழு வளர்ப்பு தொடங்கும் வழக்கம். ரெட்டி எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "விஜயதசமி காலையில வெயில் ஏர்றதுக்குள்ள எவன் முட்டையை மேலே கொண்டுபோய் சேக்கறானோ, வருசம் பூரா அவனுக்குத்தான் அந்த வேலை. இன்னொருத்தன் வேற வேலை பாத்துக்கலாம்."

"என்கிட்ட மலையேற்ற பைக் இருக்கு" என்றேன். இல்லை. ஆனால் விஜயதசமிக்குக் கொஞ்சம் நாள் இருந்தது. ஒரு லாரி டிரைவர், விவேக் நகரில் ஒரு டீச்சர் வீட்டில் விலைக்கு ஒரு வண்டி நிற்பதாகச் சொல்லியிருந்தார். மகன் மண் ரேஸ் ஓட்டுகிறவனாம்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகும் தெரு முழுக்க மெழுகுவர்த்தி. ஆள் உயர மெழுகுவர்த்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்பு மாதிரி தூக்கிப்போகிறார்கள். ஸ்டெல்லா டீச்சர் வீடு அந்தத் தெருவின் பின்புறம். ஓய்வுபெற்றவர். ஆனால் பிரம்பு ஓய்வுபெறவில்லை, குரலில் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் இடது கையில் மாவுக்கட்டுடன் மகன் ஜெரால்டு உட்கார்ந்திருந்தான். தன் வண்டியை விற்பதைத் தானே வேடிக்கை பார்க்கும் தண்டனை.

"இவன் ஓட்டுனா நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணணும். வாங்கறவன் ஓட்டுனா இன்னொரு அம்மா முழங்கால் போடணும். நிதானமா ஓட்டறவனுக்குத்தான் குடுப்பேன். ஓட்டிக் காட்டு, மேன்."

வண்டி நூறு சிசி, இரண்டு ஸ்ட்ரோக். உதைத்ததும் என் தொடை வரை துடிப்பு வந்தது. எனக்கு அதை ஒரே இழுப்பில் கோயில் வாசல் வரை கொண்டுபோக ஆசை. அடக்கிக்கொண்டேன். முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, ஹேண்டிலை ஆட்டி ஆட்டி ஓட்டினேன். நடுத்தெருவில் படுத்திருந்த நாய்க்கு ஹாரன் அடித்து, அது எழுந்து சோம்பல் முறித்து நகரும்வரை காத்திருந்தேன். ஒரு மெழுகுவர்த்திக்காரர் நடந்தே என்னை முந்திப்போனார்.

"மாஸுக்குப் போற கிழவி மாதிரி ஓட்டறான்" என்றார் டீச்சர் திருப்தியாக. "இவனுக்கே குடுத்துடலாம்."

அவர் ஆர்.சி. புத்தகம் எடுக்க உள்ளே போனதும் ஜன்னல் பேசியது. "அண்ணா, ஆக்டிங் நல்லா இருந்தது. கிளட்ச் விடறதுலயே தெரிஞ்சுபோச்சு. எங்க ஓட்டப்போறீங்க?"

"மலையில."

"மண்ணா, கல்லா?"

"ரெண்டும். நடுவுல ஒரு ஓடை."

மாவுக்கட்டுக் கையை அவன் மறந்துபோய் ஜன்னல் சட்டத்தில் இடித்துக்கொண்டான். "கட்டிலுக்கு அடியில மண் டயர் ஒண்ணு இருக்கு. மம்மி அதைத் தூக்கிப் போட்டாச்சுன்னு நினைச்சிட்டிருக்காங்க. சாயங்காலம் கோயில்ல நவநாள் ஜெபத்துக்குப் போவாங்க, அப்ப வாங்க. வேலைக்கு அடுகோடியில செபாஸ்டியன் அண்ணாகிட்ட போங்க. மண் வண்டிக்கு அவருதான். ஆனா என் பேரைச் சொல்லாதீங்க."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். டீச்சர் வந்துவிட்டார்.

சாயங்காலம் ஜன்னல் வழியாக டயரை உருட்டி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். கோயிலுக்குப் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

செபாஸ்டியனிடம் போனதற்கு ஜெரால்டு சொன்னது பாதிக் காரணம். மீதிக் காரணம் என் சாமர்த்தியம். நடுவில் ஆயுத பூஜை வருகிறது. அன்று எந்த மெக்கானிக்கும் ஆயுதத்தைத் தொடமாட்டான், மறுநாள் காலையில் பூஜை கலைத்த பிறகுதான் தொடுவான். நானோ மறுநாள் விடியும்போது மலையடியில் நிற்க வேண்டும். கிறிஸ்தவ மெக்கானிக் என்றால் அந்தத் தொல்லையே இல்லை. தளியில் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுகோடியில் செபாஸ்டியனின் பட்டறை ஒரு சந்தின் முடிவில். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவரில் குழந்தை இயேசு. மேஜைமேல் வாய்பிளந்த என்ஜின்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கழுத்தில் டயரோடு நின்ற என்னையும் ஒருமுறை சுற்றி வந்தார்.

"மலைக்கா, குரு?"

"மலைக்கு."

"அப்ப எல்லாத்தையும் மேலே தூக்கணும். இந்த சைலன்சர் கீழே தொங்குது பாரு, முதல் கல்லுலயே போயிடும். அறுத்து சைடுல மேலே ஏத்தறேன். உன் கெண்டைக்கால் கொஞ்சம் வேகும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பிறகு வந்த நாட்களில் அந்த வண்டி ஒவ்வொரு அங்குலமாக மலைக்குத் தயாரானது. முன் மட்கார்டு சக்கரத்தைவிட்டு ஒரு சாண் மேலே போனது. ஹேண்டில் பார் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, எருமைக் கொம்பு மாதிரி அகலம். ஷாக் அப்சர்பர் வேறொரு வண்டியிலிருந்து வந்தது, வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு வெட்டுக்கிளி போல நின்றது. முக்கியமான வேலை பின்சக்கரத்தில். பெரிய பல்சக்கரம் போட்டால் வேகம் குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். கடையில் கிடைக்காத அளவு அது. பக்கத்து லேத்தில் வெட்டச் சொன்னார்.

"ரோட்டுல சைக்கிள்காரன் உன்னை ஓவர்டேக் பண்ணுவான், மச்சா. சுவத்துல வேணா ஏறிப் போலாம்" என்றார் செபாஸ்டியன்.

இரவுத் தூக்கம் பட்டறையில் செத்துக்கிடந்த ஒரு காரின் பின்சீட்டில். காருக்குக் கதவில்லை. ஆனால் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி மட்டும் இருந்தது. குளிர் எடுத்தால் பழக்கத்தில் அதைச் சுற்றுவேன். காலையில் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல். கேசரியும் உப்புமாவும் ஒரே தட்டில் அக்கம்பக்கமாக வரும். எங்கள் பக்கத்தில் இதை மரியாதையாகத் தனித்தனித் தட்டில் வைப்பார்கள். காபி 'பை டூ'. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவார்கள், இருவர் குடிக்கலாம். ஊரில் ஒரு காபியை இரண்டாகக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே கார் வைத்திருப்பவர்களும் கேட்டார்கள். செபாஸ்டியன் எப்போதும் முந்திக்கொண்டு நிறைந்த டம்ளரை எடுப்பார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் லேத்திலிருந்து பல்சக்கரம் வந்தது. அதைப் பின்சக்கரத்தில் பூட்டி, மண் டயரை ஏற்றி, சங்கிலியை நீளமாக்கியதும் மின்சாரம் போனது. சக்கரத்தை வண்டியில் மாட்டுவதுதான் பாக்கி. அச்சைச் செருகி ஒரு நட்டை முடுக்கினால் முடிந்தது.

"நாளைக்கு வா, குரு" என்றார் செபாஸ்டியன். "கண்டிப்பா வா. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா."

காருக்குள்தானே படுத்திருக்கிறேன், எங்கிருந்து வருவது என்று நினைத்தேன். நல்ல சட்டையைப் பற்றி நினைக்கவில்லை.

காலையில் கண்விழித்தால் காரின் முகப்பில் சந்தனம். என் தலைமாட்டில் ஒரு பூசணிக்காய். பட்டறை வாசலில் இரண்டு வாழைக்கன்று. உள்ளே குழந்தை இயேசுவுக்குச் சாமந்தி மாலை. அவர் காலடியில் ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, திருப்புளி, அரம், எல்லாம் துடைத்து அடுக்கி, குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் தூவி உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் என் வண்டி. எருமைக் கொம்புக்கு மாலை. சக்கரமில்லாத பின்புறத்தைச் செங்கல்மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். முன்சக்கரத்தின் கீழே ஒரு எலுமிச்சம்பழம். பின்சக்கரம் இருக்க வேண்டிய காற்றின் கீழே இன்னொன்று.

செபாஸ்டியன் வெள்ளை வேட்டியில் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க கிறிஸ்டியன்தானே?"

"ஆமா. சண்டே நான் மாஸுக்குப் போறேன். ஸ்பேனருக்கு வருஷத்துல ஒரு நாள் லீவு. அது எந்த மதம்னு நான் கேட்டதில்ல."

"ஒரே ஒரு நட்டு. ஒரு நிமிஷம்."

அவர் வேட்டியைத் தூக்கி வலது காலின் பெருவிரலைக் காட்டினார். நகமில்லாமல் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. "ஒரு வருஷம் இதே நாள்ல ஒருத்தன் வந்து ஒரே ஒரு நட்டுன்னான். ஜாக்கி கால்ல விழுந்துச்சு. நாளைக்குக் காலைல பூஜை கலைச்சிட்டு முதல் வேலை உன்னுது. எட்டு மணி."

எட்டு மணிக்கு நாகராஜ் மேல்கொட்டாயில் மோர் குடித்துக்கொண்டிருப்பான்.

பொரியை வாங்கி மென்றேன். அழுதால் பொரி நமுத்துவிடும் என்பதால் யோசித்தேன். செபாஸ்டியனும் சும்மா இல்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு சங்கடம். பூஜை போட்ட வண்டி அன்றே எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும், நகராமல் நின்றால் பட்டறைக்கு ஆகாது. சக்கரமில்லாத வண்டிக்கு மாலை போட்ட பிறகுதான் அது அவருக்கு உறைத்திருக்கிறது.

"வண்டி நகரணும். டூல் தொடக்கூடாது" என்று முணுமுணுத்தார். "எல்லா டூலும் இங்க உக்காந்துடுச்சு."

"எல்லாமா? யாராச்சும் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தராத டூல் எதுவும் இல்லையா?"

இவ்வளவு நாளில் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. திருப்பித் தராதவர்களைப் பற்றி அவரிடம் கேட்டது உலகத்திலேயே நான்தான் முதல் ஆள் போல. "பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்தானே வேணும் உனக்கு? என்கிட்ட மொத்தம் நாலு இருந்தது. இப்ப ஒண்ணு. ஒண்ணை ஹோசூர் ரோட்டு பஞ்சர்கடை ராமய்யா வாங்கிட்டுப் போனான். ஒண்ணு பேக்கரி பாஷா. ஒண்ணு விவேக் நகர்ல ஒரு பையன், ஜெரால்டுன்னு பேரு, மண் ரேஸ் ஓட்டறவன். எல்லாத்துலயும் மூணு கோடு அரம் போட்டிருப்பேன். பூஜை போடாத ஸ்பேனர் கெடைச்சா கொண்டா. பாவம், அதுக்கு லீவு கிடையாது."

கிளம்பினேன்.

தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய், உள்ளே குங்குமம் கலந்து சிவப்பாக. எதிரே வந்த ஆட்டோவில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, ஓட்டுநர் முகத்தை இலை மறைத்திருந்தது. கையைக் காட்டினேன். இலைக்குப் பின்னாலிருந்து கன்னடக் குரல் வந்தது: "இன்று சவாரி இல்லை. சும்மா சுற்றுகிறேன்." எங்கே என்று கேட்டேன். "எனக்கே தெரியவில்லையே."

பஞ்சர்கடை ராமய்யா புதுச் சட்டையில் இருந்தார். செபாஸ்டியன் ஸ்பேனர் வேண்டும் என்றேன்.

"எந்த செபாஸ்டியன்?"

"அடுகோடி செபாஸ்டியன்."

"அடுகோடியில எவ்வளவு செபாஸ்டியன் இருக்காங்க, சார்."

அவர் தோளுக்குப் பின்னால் பூஜைப் பலகை தெரிந்தது. காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் ஒரு பத்தொன்பது ஸ்பேனர், மூன்று கோட்டோடு. குங்குமம் கோட்டின்மேலேயே வைத்திருந்தார். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "பூஜையில உக்காந்துடுச்சு, சார்" என்றார் மிகுந்த பக்தியோடு. "இனிமே அது யாருதுன்னு நாம பேசக்கூடாது." கையில் ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்.

பேக்கரி பாஷாவும் முதலில் "எந்த செபாஸ்டியன்?" என்றுதான் கேட்டார். அவருடைய ஸ்பேனர் அடுப்புக் கதவுக்குத் தாழ்ப்பாளாக வேலைசெய்துவந்ததாம். அன்று அதுவும் ரொட்டி வெட்டும் கத்திகளோடு மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "வேலைக்காரங்க எல்லாம் போட்டாங்க. நான் ஒருத்தன் வேணாம்னா நல்லாவா இருக்கும்?" அங்கும் பொரி. சூடான ஒரு பன்னும் தந்தார். அதனால் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

திருடினதையும் சேர்த்துக் கும்பிடும் ஊர் என்று திட்டிக்கொண்டே விவேக் நகருக்கு நடந்தேன். எங்கள் ஊர் வேறு மாதிரி என்று சொல்லமாட்டேன்.

ஜெரால்டு ஜன்னலில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் விழுந்தது. "ஸ்பேனர் மம்மிகிட்ட. மண் டயர் மாத்தக்கூடாதுன்னு பிடுங்கி வெச்சிட்டாங்க. எங்கன்னு எனக்கே தெரியாது."

டீச்சர் கதவைத் திறந்தார். என் இரண்டு கையிலும் பொரி.

"டீச்சர், செபாஸ்டியன் ஸ்பேனர் ஒண்ணு..."

"எந்த செபாஸ்டியன்?"

டீச்சருமா என்று நின்றேன். மகனுடைய கூட்டாளி ஒருவனைத் தெரியும் என்று சொன்னாலே அவனை வீட்டுக்குள் விட்ட மாதிரி என்பது அவருடைய கணக்கு. ராமய்யாவின் பக்தியும் பாஷாவின் பன்னும் இங்கே செல்லாது. ஒருமுறை கிழவி மாதிரி ஓட்டி ஏமாற்றிய ஆள் நான். இரண்டாவது பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார் என்று பட்டது. உள்ளதைச் சொன்னேன். முட்டை, வெயில், ஓடை, நாகராஜ், ரெட்டி சொன்ன வார்த்தை. இந்த வேலை போனால் மறுபடி லாரியோ பலூனோ என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அன்னைக்கு நாய்க்கு ஹாரன் அடிச்சியே, அது?"

"நடிப்பு, டீச்சர்."

"எனக்குத் தெரியும், மேன். முப்பது வருஷம் கிளாஸ் எடுத்தவ. ஆனா அந்த நாய் எழுந்திரிக்கிற வரைக்கும் நின்னே இல்ல, நடிப்புக்குக்கூட இவன் நின்னதில்ல." ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அரிசி டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அரிசி ஒட்டிய ஸ்பேனரோடு வந்தார். மூன்று கோடு. குங்குமம் இல்லை.

"ஒரு கண்டிஷன். இது செபாஸ்டியன்கிட்ட போகணும். இல்லேன்னா உன்கிட்ட இருக்கணும். இவன் கைக்கு மட்டும் வரக்கூடாது. சத்தியம்?"

"சத்தியம், டீச்சர்."

ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டான்.

பட்டறையில் சந்துக்காரர்கள் கூடியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஸ்பேனரை இன்று பயன்படுத்தலாமா என்று ஒரு விசாரணை நடந்தது. லேத்துக்காரர் கூடாது என்றார். பூக்காரம்மா, அரிசியில் இருந்தது சுத்தம்தான் என்றார். கடைசியில் செபாஸ்டியன் தீர்ப்புச் சொன்னார்: "நான் தொடமாட்டேன். நீ தொடு. எனக்குக் கை கட்டியிருக்கு, வாய் கட்டல."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சக்கரத்தைத் தூக்கிப் பொருத்தினேன். அச்சு நுழைய மறுத்தது.

"இடதுல தூக்கு. இடதுன்னா உன் இடது, என் இடது இல்ல. சங்கிலியை முதல்ல மாட்டு. அய்யோ, ஸ்பேனரை அப்படிப் பிடிச்சா அது என்ன கரண்டியா? இழு. போதும். போதும்னா போதும்."

அவர் தோள் இரண்டும் முடுக்குவதற்கேற்ப அசைந்துகொண்டிருந்தன. ஒருமுறை கை அவிழ்ந்து வந்தேவிட்டது. பூக்காரம்மா "அண்ணா, கால் விரலு" என்றார். கை திரும்பப் போய்விட்டது.

வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு சந்தைவிட்டு வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செபாஸ்டியன் என்னைவிட நிம்மதியாக இருந்தார். "ஸ்பேனரைத் திருப்பிக் கொண்டா, குரு. நீயாச்சும்" என்றார். நிச்சயமாக என்றேன். அப்போது அதை மனதார நம்பினேன்.

இந்தக் கோலத்தில் வண்டியை அத்திபெலே சாவடியில் காட்டினால் போலீஸ்காரர் அதை எந்த மிருகத்தில் சேர்ப்பார் என்று தெரியாது. அதனால் சந்தாபுரத்தில் திரும்பி ஆனேக்கல் வழியாகப் போனேன். செபாஸ்டியன் சொன்னது சரி, ஒரு சைக்கிள்காரன் என்னை முந்தினான். ஒரு பூசணிக்காயில் சறுக்கி மாலையோடு கீழே விழுந்தேன். முழங்கை தோல் போனது, வண்டிக்கு ஒன்றுமில்லை. ஆனேக்கல் பேருந்து நிலையத்தில் மூன்று மொழிகளில் என் சைலன்சரைத் திட்டினார்கள். மூன்றும் புரிந்தது. களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தளி போய்ச் சேர்ந்தேன்.

விடிந்தும் விடியாமலும் ரெட்டி முட்டைத் தாள்களை மரப்பெட்டியில் வைத்து ஈரச் சாக்குச் சுற்றிக் கட்டினார். நாகராஜுக்கும் ஒரு பெட்டி. அவன் என் வண்டியைப் பார்த்து, "இது வண்டியா, வெட்டுக்கிளியா?" என்றான். ஜீப்பில் ஏறிப் பறந்தான். நல்ல ரோட்டில் அவன் புழுதியை மட்டும்தான் பார்த்தேன்.

ஓடையில் அவனைப் பிடித்தேன். ஜீப்பை நிறுத்திப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் தண்ணீரில் இறங்கினேன். உயர்த்திய சைலன்சர் நனையவில்லை, கெண்டைக்கால் மட்டும் சொன்னபடி வெந்தது. அக்கரை ஏற்றத்தில் மண் டயர் பல்லைப் பதித்து ஏறியது. பாதி ஏற்றத்தில் சங்கிலி கழன்று விழுந்தது.

பின்சக்கர நட்டு தளர்ந்து, சக்கரம் கோணியிருந்தது. நான் முடுக்கியதல்லவா. கீழே நாகராஜ் தலைச்சுமையோடு ஒரே சீராக ஏறி வந்துகொண்டிருந்தான். கிழக்கு வெளுத்துவிட்டது. பாக்கெட்டில் கைவிட்டேன். அரிசி இரண்டு, ஸ்பேனர் ஒன்று. வண்டியைச் சாய்த்து, சக்கரத்தை நேராக்கி, சங்கிலியை ஏற்றி, இந்த முறை போதும் என்று சொல்ல யாரும் இல்லாததால் இன்னும் ஒரு சுற்று இழுத்து முடுக்கினேன். நாகராஜ் என்னைத் தாண்டும்போது, "தள்ளிவிடவா?" என்று கேட்டான். நல்ல மனசுதான் அவனுக்கு. உதைத்தேன். வண்டி எடுத்தது.

மேல்கொட்டாயில் வெயில் கூரைமேல் மட்டும் விழுந்திருந்தது. ஊர்ப் பெரியவர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ச்சியாக இருந்தது. பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்கள். எனக்கு மோர் வந்தது. நாகராஜ் வந்ததும் அவனுக்குப் பாதி ஊற்றினேன். பை டூ.

வேலை எனக்கானது. வருடம் முழுக்க அந்த மலையில் ஏறி இறங்கினேன். பெங்களூருக்கும் போகாமல் இல்லை. இரண்டுமுறை அடுகோடியைத் தாண்டினேன். ஒருமுறை ஸ்பேனரை மறந்து போனேன், ஒருமுறை செபாஸ்டியன் சாப்பிடப் போயிருந்தார், காத்திருக்கலாம் என்று தோன்றவில்லை. மலையில் அந்த நட்டு எப்போது தளரும் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆயுத பூஜைக்கு ரெட்டியின் கொட்டகையில் என் வண்டிக்கும் மாலை போட்டேன். என்னிடம் இருந்த திருப்புளி, பம்பு எல்லாவற்றையும் பலகையில் வைத்தேன். பத்தொன்பதை மட்டும் வைக்கவில்லை. மறுநாள் காலை மேல்கொட்டாய் போக வேண்டும். ஊருக்கு ஒரு ஸ்பேனராவது லீவில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா.

மத்தியானம் ஆனேக்கல் பேருந்திலிருந்து ஒருவன் இறங்கி விசாரித்துக்கொண்டு வந்தான். ஜெரால்டு. இரண்டு கையும் நன்றாக இருந்தது. இரண்டிலும் கிரீஸ்.

"அண்ணா, புதுசா ஒரு வண்டி எடுத்தேன். மம்மிக்குத் தெரியாது. அடுகோடியில பின்சக்கரம் கழட்டிக் கிடக்கு, நாளைக்கு ரேஸ். எல்லா டூலும் பூஜையில உக்காந்துடுச்சு. செபாஸ்டியன் அண்ணா சொன்னாரு, பூஜை போடாத பத்தொன்பது ஒண்ணு தளியில ஒருத்தன்கிட்ட இருக்கும்னு."

என் கை பாக்கெட்டுக்குள் போய் அதை இறுகப் பிடித்துக்கொண்டது. டீச்சருக்குச் செய்த சத்தியம் நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. பொரிப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"எந்த செபாஸ்டியன்?" என்றேன்.